கிரயப் பத்திரமும் ஒரு துண்டறிக்கையும்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மாமா ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்தார். கோவையின் கிழக்குப் பக்கத்தில், வீட்டு வசதி வாரியம் கட்டிய பழைய அடுக்ககம் ஒன்றில் அவருக்கு ஒரு வீடு இருக்கிறது. பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிற கட்டடம். இடித்துவிட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து புதிதாகக் கட்டலாம் என்று உரிமையாளர் சங்கத்தில் பேச்சு. அதை எதிர்த்து ஓர் இடதுசாரி அமைப்பு அடித்த நோட்டீஸ் அது. பொதுச்சொத்தைக் கார்ப்பரேட்டுகளுக்குத் தாரைவார்க்காதே என்று தலைப்பு. கீழே நவதாராளமயம், நிதி மூலதனம், ஏகபோகம் எல்லாம் வரிசையாக.

"ஏன் மாப்ளே, கிரயப் பத்திரம் எம்பேர்ல இருக்குது. வீட்டு வரி நாங் கட்டறேன். இதுல பொதுச்சொத்து எங்கிருந்து வந்துச்சு?" என்றார்.

என்னிடம் உடனே பதில் இல்லை. தேர்தலில் பெரும்பாலும் அந்தப் பக்கத்துச் சின்னங்களுக்கே ஓட்டுப் போட்டு வந்தவன் நான். அதனால்தான் அந்த ஒற்றைத் தாளை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

'தனியார்மயம்' என்ற சொல் அந்தத் தாளில் எட்டு இடத்தில் வருகிறது. 'வாடகை' ஒரு இடத்தில்கூட இல்லை. இதில் கோளாறு சொல்லில் இல்லை, சொல்லை ஒட்டிய இடத்தில் இருக்கிறது. ரயில்வேக்கும் பி.எஸ்.என்.எல்.லுக்கும் செய்த அச்சை எடுத்து வீட்டின் மேல் வைத்துவிட்டார்கள். தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அது கட்டியதில் பெரும்பகுதி விற்பதற்காகவே கட்டியது. விண்ணப்பம், குலுக்கல், தவணை, கடைசியில் கிரயப் பத்திரம். அரசு ஊழியர் வாடகைக் குடியிருப்புகள் வேறு கதை. மற்றபடி நம் ஊரில் 'ஹவுசிங் போர்டு வீடு' என்றால் தவணை முடிந்த அன்றே அது தனியார் வீடு. சிங்காநல்லூரில் 1980-களில் எழுந்த 960 வீடுகளின் கதையைக் கோவைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். சிதிலமான அந்தக் குடியிருப்பை மறுபடி கட்டுவது யார், எந்த விகிதத்தில் என்ற இழுபறி ஆண்டுக்கணக்கில் நடந்தது. அங்கே போய் "தனியாருக்கு விற்காதே" என்றால், வீட்டுக்காரர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைப்பார். நினைத்தால் தப்பில்லை.

இதே தப்பைப் பெரிய அளவில் செய்தவர்கள் உண்டு. 1980-இல் மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்த வீட்டுச் சட்டம், உள்ளாட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமையைக் கொடுத்தது. 33 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை தள்ளுபடி. தொழிற்கட்சி கொள்கை பேசி எதிர்த்தது, சில ஆண்டுகளிலேயே எதிர்ப்பைக் கைவிட்டது. கதவுக்குத் தனக்குப் பிடித்த நிறத்தில் பெயின்ட் அடிக்க ஆசைப்பட்ட தொழிலாளியிடம் அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அப்படி விற்ற வீடுகளில் பல பின்னாளில் தனியார் வாடகைக்கு வந்ததும், ஸ்காட்லாந்து 2016-லும் வேல்ஸ் 2019-லும் அந்த உரிமையையே ஒழித்ததும் காலம் கடந்து வந்த ஞானம்.

பெர்லின் இன்னும் சங்கடமான உதாரணம். 2004-இல் அந்த நகரம் தன் ஜி.எஸ்.டபிள்யூ. நிறுவனத்தை, சுமார் 65,000 வீடுகளோடு, முதலீட்டு நிதியங்களுக்கு விற்றது. அப்போது நகரை ஆண்ட கூட்டணியில் முன்னாள் கம்யூனிஸ்டுகளின் கட்சியும் இருந்தது! (நம் தோழர்களிடம் இதைச் சொன்னால் பேச்சை மாற்றுவார்கள்.) 2021 செப்டம்பரில் அதே நகரத்தில், 3,000-க்கு மேல் வீடு வைத்திருக்கும் நிறுவனங்களிடமிருந்து அவற்றைச் சமூக உடைமையாக்கலாம் என்று வாக்கெடுப்பில் சுமார் 59 சதவீதம் பேர் சொன்னார்கள். சட்டமாக அது இன்னும் நிறைவேறாதது வேறு விஷயம். ஆனால் மஞ்சளும் ஊதாவுமாகச் சுவரொட்டி ஒட்டிய அந்த இயக்கம் பேசிய பேச்சு வாடகையைப் பற்றியது. பெர்லினில் பெரும்பான்மையோர் வாடகைக்காரர்கள். கேட்பவன் யார் என்று தெரிந்து பேசினார்கள்.

எங்கள் அப்புச்சி மில் தொழிலாளி, லைன் வீட்டில் குடியிருந்தவர். 1946 ஜனவரி 8-இல் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்வார். அவர் நினைவிலிருந்த வாயிற்கூட்டப் பேச்செல்லாம் பஞ்சப்படி, ஷிப்ட், போனஸ். ஏகாதிபத்தியமும் வரும், ஆனால் பஞ்சப்படியில் எத்தனை காசு பாக்கி என்று சொன்ன பிறகு வரும். இன்றைய நோட்டீஸில் அந்தக் காசுக் கணக்கைக் காணோம். மில்கள் மூடிப்போய், லட்சுமி மில் வளாகத்தில் ஹைப்பர்மார்க்கெட் வந்துவிட்ட ஊரில், மில் வாசலில் பழகிய மொழி எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நிற்கிறது. இரா. முருகவேளின் 'முகிலினி' சிறுமுகை விஸ்கோஸ் ஆலையை வைத்து எழுதப்பட்ட நாவல். அதுவும் இடதுசாரி எழுத்துதான். அதில் ஆறும் ஆலையும் சம்பளமும் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு வாரியம் இருக்கிறது. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்ற வாசகத்தோடு, ஆரம்பத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டியது. 1977-இல் உலக வங்கித் திட்டம் வந்தபின் மனை, தவணை, போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது என்று கணக்கு மாறியது. பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம். இந்த மாற்றத்தை ஆவணங்களை வைத்து நித்யா ராமன் 2011-இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதினார். அவரே 2020-இல் லாஸ் ஏஞ்சலீஸ் மாநகராட்சிக்கு, வாடகைக்காரர் பிரச்சினையைப் பேசி, தேர்ந்தெடுக்கப்பட்டார். கோவையில் குளக்கரைகளிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் மலுமிச்சம்பட்டிக்கும் கீரணத்தத்துக்கும் போனார்கள். காலையில் ஊரைக் கூட்ட வருகிறவர் முதல் பஸ்ஸுக்கு எத்தனை மணிக்கு எழவேண்டும் என்பதுதான் அங்கே வீட்டுக் கொள்கை. இடிக்க வரும் அன்று எந்திரத்துக்கு முன்னால் போய் நிற்பவர்களில் செங்கொடிக்காரர்கள் எப்போதும் இருப்பார்கள், அதை மறுக்க முடியாது. மறுநாள் அடிக்கும் நோட்டீஸில்தான் அந்த பஸ் விட்டுப்போகிறது. மாமாவின் கிரயப் பத்திரத்துக்கும் கீரணத்தத்துக்கும் ஒரே வாசகம்.

சரி, மாமாவிடம் வேறு என்ன சொல்லியிருக்கலாம்? மண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அடுக்ககத்தில் சுவர் தேயும், மதிப்பு இருப்பது பிரிக்கப்படாத பாகத்தில், புரோக்கர் பாஷையில் யு.டி.எஸ். பழைய கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு 600 சதுர அடி மண் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே மனையில் இரண்டு மடங்கு வீடு எழும்பினால் அது 300 ஆகும். மாமாவுக்குப் புது வீடு, லிப்ட், கொஞ்சம் கூடுதல் இடம். மீதி பாதி மண் கட்டுநரின் கையில், அவர் விற்கப்போகும் வீடுகளோடு. அது நியாயமான விலையா, அந்தக் கூடுதல் தளங்களுக்கு அனுமதி கொடுக்கும் அரசு அதில் ஏழைகளுக்கென்று சில வீடுகளாவது கேட்டதா? பொதுச்சொத்து என்று ஒன்று இருந்தால் அந்த அனுமதியில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்டலாம். அந்தக் கணக்கெடுப்பில் வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கை தூக்க இடமில்லை.

மாமா வீட்டில் பதினொரு வருடம் வாடகைக்கு இருந்த அக்கா ஒருவர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கட்டடம் ஆபத்து என்று நோட்டீஸ் ஒட்டிய வாரம் இருகூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டுக்குப் போய்விட்டார். பழைய வாடகைக்கு ஒன்றரைப் பங்கு. துண்டறிக்கையிலும் அவர் இல்லை, கட்டுநரின் வண்ணப் படத்திலும் இல்லை. என்னிடமும், உண்மையைச் சொன்னால், அவர் ஞாபகத்துக்கு வந்தது இதை எழுத உட்கார்ந்த பிறகுதான். மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீடு பின்னாளில் யாருக்கு வரும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நேற்று மாமா போன் பண்ணினார். ஒப்பந்த நகல் வந்திருக்கிறது, நாற்பது பக்கம், வாட்ஸப்பில் அனுப்புகிறேன், படித்துச் சொல்லு கண்ணு என்றார். அனுப்புங்க மாமா என்றேன். அந்த அக்காவின் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று கேட்டேன்.

"அதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்றார்.