விரல் மட்டும் போதுமா? கிம்ப் 3.0-இன் தொடுதிரை வசதி: ஒரு மதிப்பீடு

சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் இன்று ஒரு கற்றல் கருவி இருக்கிறது. ஐபேட், குரோம்புக், விண்டோஸ் மடிக்கணினி என அது பள்ளிக்குப் பள்ளி மாறும். நாம் கொடுக்கும் சுவரொட்டி, நூல் அட்டை, மின்கதை எல்லாம் அதில்தான் உருவாகின்றன. ஆகவே, ஒரு படத் தொகுப்பு மென்பொருள் தொடுதிரைக்கு ஒத்துவருமா என்று பார்ப்பது தமிழாசிரியர் வேலையும்தான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது கிம்ப். இலவசம், விளம்பரம் இல்லை, தமிழ் எழுத்துருக்களும் நன்றாக வரும். ஐபேடில் இயங்காது, தொடுதிரை உள்ள விண்டோஸ் மடிக்கணினியில் இயங்கும்.

இதன் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. பொத்தான், பட்டியல் முதலிய திரை உறுப்புகளைத் தரும் ஜிடிகே என்ற கருவித்தொகுப்பு, முதலில் கிம்புக்காகவே உருவாக்கப்பட்டது. அதன் 3-ஆம் தலைமுறை 2011-இல் வந்தது. ஆனால் 2018-இல் வெளிவந்த கிம்ப் 2.10 கூட 2-ஆம் தலைமுறையில்தான் இருந்தது. 2025 மார்ச்சில் வந்த 3.0-இல்தான் கிம்ப் புதிய தலைமுறைக்கு மாறியது. பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பில் நடக்கும் திட்டம் என்பதால் இந்தத் தாமதத்தைப் புரிந்துகொள்ளலாம்.

மாறியதால் கிடைத்த பலன்களில் ஒன்று: இரண்டு விரல்களை அகட்டினால் படம் பெரிதாகும், நெருக்கினால் சிறிதாகும். சின்ன விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு முகத்தின் ஓரத்தை வெட்டியெடுக்கும் மாணவர் நிமிடத்துக்குப் பல முறை பெரிதாக்கிச் சிறிதாக்க வேண்டும். அவருக்கு இது உண்மையான உதவி.

சரி, அப்புறம் என்ன குறை? பார்ப்பதற்கு விரல் உதவுகிறது. வேலை செய்வதற்கு உதவவில்லை. கருவிப்பெட்டியில் படவுருக்கள் மட்டுமே உண்டு, பெயர்கள் இல்லை. மவுஸை மேலே நிறுத்தினால் பெயர் தெரியும். விரலை வைத்தாலோ கருவியே தேர்வாகிவிடும். தூரிகையால் நேர்க்கோடு போட ஷிஃப்ட் விசை வேண்டும். தூரிகையை மாற்றாமலே படத்திலிருந்து வண்ணத்தை எடுக்கக் கண்ட்ரோல் விசை வேண்டும். விரலுக்கு விசை ஏது? லேயர் பட்டியலில் உள்ள சின்னக் கண் குறியைக் குறிபார்த்துத் தொடுவதும் எளிதல்ல.

ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். ஐபேடுக்கென்றே வடிவமைத்த புரோகிரியேட்டில் இரு விரலால் தட்டினால் கடைசிச் செயல் நீங்கும். மூன்று விரலால் தட்டினால் திரும்ப வரும். கணினி மென்பொருளான கிரிட்டாவில்கூட எந்தத் தொடு அசைவு எதைச் செய்யவேண்டும் என்று நாமே அமைக்கலாம். விரல் பட்டால் கோடு விழாதபடி தடுக்கலாம். கிம்ப் இந்த இடத்தில் பின்தங்கியே இருக்கிறது.

இதில் நமக்கு என்ன கவலை? மதிப்பெண்தான். ஒரே பணியை ஒருவர் மவுஸோடும் இன்னொருவர் வெறும் விரலோடும் செய்கிறார்கள். இரண்டாமவரின் ஓரம் பிசிறடித்தால், அது அவருடைய கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வது? தமிழ்ப் பணியில் நாம் மதிப்பிட வேண்டியது கருத்தையும் மொழியையும்தானே!

இன்னொன்று, நம் பணித்தாளின் மொழி. எல்லாவற்றுக்கும் 'சொடுக்குக' என்று எழுதிப் பழகிவிட்டோம். தொடுதிரைக்குத் தட்டு, அழுத்திப் பிடி, இழு, அகட்டு, நெருக்கு என்று நல்ல வினைச்சொற்கள் தமிழிலேயே இருக்கின்றன. ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துக் 'கிள்ளுக' என்று எழுதினால் மாணவர் சிரிப்பார். செயல்முறை விளக்கம் எழுதிப் பழகும் தேர்வு மாணவர்களுக்கும் இது நல்ல பயிற்சி: ஒவ்வோர் அசைவுக்கும் ஒரே ஒரு சரியான வினை.

வகுப்பில் பயன்படுத்துவோருக்குச் சில யோசனைகள்:

• பெரிதாக்கவும் சிறிதாக்கவும் விரல். வெட்டவும் வரையவும் மவுஸ் அல்லது ஸ்டைலஸ் பேனா.
• விருப்பத்தேர்வுகளில் படவுருக்களின் அளவை முன்கூட்டியே பெரிதாக்கி வையுங்கள்.
• வகுப்பில் சில மவுஸ்களைக் கூடுதலாக வைத்திருங்கள்.
• விரல் மட்டுமே உள்ளவருக்கு வெட்டும் வேலை குறைந்த பணியைக் கொடுங்கள்.

கிம்ப் 3.0 தொடுதிரையின் வாசலுக்கு வந்துவிட்டது, இன்னும் உள்ளே நுழையவில்லை. நல்ல மென்பொருள்தான், மவுஸோடு கொடுங்கள்.