நோவின் சொல்லும் நோவின் எண்ணும்

மருத்துவ ஆய்வுக்கென ஆக்கப்பட்ட படிவம் ஒன்றை விமர்சனத்திற்குரிய பனுவலாகக் கொள்வது தமிழ்ச் சங்க மலரொன்றின் வாசகருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயினும் சொற்களைத் தேர்ந்து, இனம் பிரித்து, தரவரிசைப்படுத்தி, ஒருவர் உடலினுள் நிகழும் அனுபவத்தை மற்றொருவர் அறியுமாறு செய்ய முயலும் எதுவும் மொழி பயில்வோரின் அக்கறைக்கு உரியதே. கனடாவின் மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் றொனால்ட் மெல்சாக் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட நோவு வினாக்கொத்து அத்தகைய ஒன்று. 78 சொற்கள் 20 தொகுதிகளாக அதில் வகுக்கப்பட்டுள்ளன. முதற் பத்துத் தொகுதிகள் நோவின் புலனியல்பையும், அடுத்த ஐந்து அதன் உணர்ச்சி இயல்பையும், பதினாறாவது நோவின் மொத்த மதிப்பீட்டையும் குறிப்பன. எஞ்சிய நான்கும் பலவினமானவை. நோயாளி ஒவ்வொரு தொகுதியிலும் தமக்குப் பொருந்தும் ஒரு சொல்லைத் தெரியலாம். பொருந்தாவிடின் அத்தொகுதியை விட்டுவிடலாம்.

இம்முயற்சியின் பெறுமதியை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னைய ஆய்வுகளிற் பெரும்பாலானவை நோவு எவ்வளவு என்றே வினவின. எத்தகையது என்று வினவவில்லை. 1965இல் மெல்சாக்கும் பற்றிக் வோலும் முன்வைத்த ‘வாயிற்’ கோட்பாடு நிலைமையை மாற்றியது. காயத்திலிருந்து புறப்படும் செய்தி மணியடிக்கும் கயிறுபோல நேரே மூளைக்குச் செல்வதில்லை. முண்ணாணில் உள்ள வாயிலொன்று அதனைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. தடித்த நரம்பு நார்களின் செய்தியும் மூளையிலிருந்து இறங்கும் கட்டளையும் அவ்வாயிலை ஆள்கின்றன என்பது அதன் சாரம். அடிபட்ட முழங்காலை நாம் அனிச்சையாகத் தேய்த்துக்கொள்வதன் காரணம் இதனாற் புலப்பட்டது. அக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன எனினும், நோவு காயத்தின் நிழல் மட்டுமன்று என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது. நீரிழிவினாற் கால் அகற்றப்பட்ட முதிய பெண்ணொருத்தி, இல்லாத அக்காலின் நோவை வண்ணவண்ணமான சொற்களால் விவரித்ததைக் கேட்டே மெல்சாக் சொற்களைத் திரட்டத் தொடங்கினார். பிற்காலப் புள்ளிவிபரங்களுக்கெல்லாம் வித்து ஒரு கிழவியின் பேச்சு என்பது எம்போன்றோருக்கு உவப்பான செய்தியே.

ஆயின் அப்பட்டியலை அப்படியே தமிழாக்கினாற் போதுமா? இங்கேதான் இடர் தொடங்குகிறது. மெல்சாக்கின் சொற்களுட் பல ஆயுதத்தை நினைவூட்டுவன: துளைத்தல், வெட்டுதல், நசுக்குதல், சுடுதல். தமிழிலும் குத்தும் குடைச்சலும் எரிவும் உண்டு. எனினும் எமது பேச்சுமொழி நோவைக் கூறப் பெரிதும் நாடுவது குறிப்புச்சொற்களையே. விண்விண் என்று தெறிக்கிறது, சுரீர் என்றது, கடுகடுக்கிறது, விறுவிறுக்கிறது என்பவற்றில் ஆயுதமும் இல்லை, ஆயுதம் ஏந்தியவனும் இல்லை. நோவின் தாளம் மாத்திரம் உண்டு. உரிச்சொல்லுக்கு இசையையும் குறிப்பையும் பண்பையும் நிலைக்களனாகக் காட்டிய தொல்காப்பியரின் நோக்கு, ஈண்டு மொன்றியல் உளவியலாளரின் நோக்கைவிட நமக்குக் கைகொடுக்கும். இன்னொன்று: ‘வலி’ என்னும் சொல் நோவையும் வல்லமையையும் ஒருங்கே குறிப்பது. குறளின் ‘வலியறிதல்’ அதிகாரத்தை வேடிக்கையாகவேனும் மருத்துவ மாணவர்க்குப் பாடமாக்கலாம். யாழ்ப்பாணத்தவர் ‘நோகுது’ என்பதை மலையகத்தவர் ‘வலிக்குது’ என்பர்; சிங்கள வைத்தியர் ‘ரிதெனவா’ என்று வினவுவார். மூன்றும் ஒன்றே என எண்ணும் மொழிபெயர்ப்பாளர் நல்ல வைத்தியருக்குக் கெட்ட துணைவர்.

பதினான்காம் தொகுதி என்னை நெடுநேரம் நிறுத்தியது. தண்டிக்கின்ற, கொடூரமான, கொல்கின்ற என நோவையே ஒரு கொடியோனாக அது உருவகிக்கிறது. நல்லதண்ணிப் பகுதியில் கொழுந்தெடுக்கும் பெண்களிடம் இத்தொகுதியை நீட்டினால் எழுவாய் மாறிவிடும். ‘மலை கொல்லுது’ என்பார்கள். வலி கொல்கிறது என்று சொல்லக் கேட்டதில்லை. உருவகம் ஒன்றேதான், ஆனால் குற்றவாளி வேறு.

சில ஆண்டுகளின் முன் என் அத்தையை அப்பக்கத்துத் தோட்டமொன்றின் மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றேன். முப்பது ஆண்டுக்கு மேலாகத் தலையிற் கயிறு மாட்டி முதுகிற் கூடை சுமந்தவர். “மேலெல்லாம் ஒளையுதுங்க ஐயா. முழங்காலு உள்ளுக்குள்ள கொடையுது. மலை ஏறயில தெரியல, எறங்கயிலதான் வெடுக்வெடுக்குன்னு இழுக்குது. ராவுல தோளு பட்டையில எறும்பு ஊர்றாப்புல இருக்கு” என்றார். இரண்டு நிமிடத்தில் மூட்டு, தசை, நரம்பு என மூவகை நோவையும் இடமும் நேரமும் சுட்டிப் பிரித்துரைத்த அப்பேச்சுக்கு நிகரான ஒன்றைப் பாடநூல்களில் நான் கண்டதில்லை. மருத்துவ உதவியாளர் நல்ல மனிதர். வெளியே இன்னும் நாற்பது பேர் நின்றனர். “சரிம்மா, பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க” என்றார். அத்தை என்னைப் பார்த்தார், பின் அவரைப் பார்த்தார். “எத்தனை சொன்னா லீவுத் துண்டு கெடைக்கும்ங்க?” என்றார்.

நான் அன்று சிரித்தேன். பின்னரே அவ்வினாவின் கூர்மை விளங்கிற்று. பிரட்டு முதல் மடுவத்துத் தராசு வரை எண்ணாலேயே ஆளப்படும் வாழ்வு அது. குறித்த கிலோ நிறைந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். அங்கே எண் என்பது அனுபவத்தின் விவரணம் அன்று, கொடுக்கல் வாங்கலின் நாணயம். நோவுக்கு எண் கேட்டதும் அத்தை அதனை உரிய பொருளிலேயே விளங்கிக்கொண்டார்.

எண்ணின் மீதான இந்த ஐயம் படியாதவரின் ஐயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்க நோவுச் சங்கம், நாடித்துடிப்பு, சுவாசம், வெப்பநிலை, குருதியமுக்கம் ஆகியவற்றோடு நோவையும் ஐந்தாம் உயிர்க்குறியாகக் கொள்ள வேண்டுமென முழங்கியது. நோக்கம் உயரியது, நோயாளியின் முறைப்பாடு புறக்கணிக்கப்படலாகாது என்பதே. ஆயின் நடைமுறையில் எஞ்சியது பூச்சியத்திலிருந்து பத்து வரையான எண் மட்டுமே. எண்ணைக் குறைப்பதே சிகிச்சை என்றாகியபோது, 1996இல் சந்தைக்கு வந்த ஒக்சிகொன்டின் போன்ற அபினிவழி மாத்திரைகள் அதற்கு எளிய வழியாயின. விளைந்த அடிமைத்தனமும் மரணங்களும் உலகறிந்தவை. அவ்வழிவுக்கு மருந்துக் கம்பனிகளின் பேராசையே முதற்காரணம். எனினும் சொல்லை அகற்றி எண்ணை அமர்த்திய படிவமும் அதற்கு வாயில் திறந்துவிட்டது. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அம்முழக்கத்தைக் கைவிடப் பரிந்துரைத்தது.

எண்ணை நம்பாதோர் படத்தை நம்புகின்றனர். “எக்ஸ்றேயில் ஒன்றுமில்லை” என்பது எமது ஆஸ்பத்திரிகளில் மிகுதியாகக் கேட்கும் தீர்ப்பு. 1994இல் வெளியான ஆய்வொன்று, முதுகுவலியே இல்லாத 98 பேரின் முள்ளந்தண்டைக் காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்த்தபோது, 36 வீதத்தினரின் வட்டத்தட்டுகள் மாத்திரமே முற்றும் பழுதற்றிருக்கக் கண்டது. படத்தில் பழுதிருந்தும் நோவில்லாதோர் உளர். பழுதின்றியும் நோவுடையோர் உளர். நீடித்த நோவில் நரம்புத் தொகுதியே கூருணர்ச்சி பெற்றுவிடுகிறது என்பதைக் கிளிபோர்ட் வுல்ஃப் 1983இல் ஆய்வுகூடத்தில் எடுத்துக்காட்டினார். மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கும் நோவு தனியொரு நோயாகவே கருதப்படலாம் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு ஏற்றுள்ளது. சர்வதேச நோவு ஆய்வுச் சங்கம் 1979ஆம் ஆண்டு வரைவிலக்கணத்தை 2020இல் திருத்தியபோது, ஒருவர் தம் அனுபவத்தை நோவு எனக் கூறின் அக்கூற்று மதிக்கப்பட வேண்டும் என்று குறிப்பெழுதியது. அத்தையின் பேச்சுக்கு விஞ்ஞானம் வழங்கிய அங்கீகாரம் என்றே இதனைக் கொள்கிறேன். லீவுத் துண்டு எழுதுவோர் மேசைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

நல்லதண்ணி இவ்விடயத்தில் விசித்திரமான ஊர். மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாத மலைக்கு ஏறுவோர் அவ்வூர் வழியே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை மிதித்து மறுநாட் காலை நொண்டியபடி இறங்குவர். தைலம் தேய்த்துக்கொள்வர், தம் முழங்காலைக் காட்டிச் சிரிப்பர். அந்நோவு புண்ணியக் கணக்கில் வைக்கப்படுவது. மூன்று நாளில் முடிவது. அதே சரிவில், அதே முழங்காலுடன், அதே காலைவேளையில் கூடையோடு ஏறும் பெண்ணின் நோவுக்கு அர்த்தமும் இல்லை, முடிவுநாளும் இல்லை. இரண்டாம் உலகப் போரிற் கடுங்காயமுற்ற படைவீரரிற் பெரும்பாலோர் நோவுமருந்து வேண்டாமென்றதை ஹென்றி பீச்சர் 1946இல் எழுதினார். அவர்களுக்குக் காயம் போர்க்களத்திலிருந்து விடுதலை. பொருள் மாறினால் நோவும் மாறும் என்பதை நிறுவ இத்தாலிப் போர்முனைக்குப் போக வேண்டியதில்லை.

இலக்கியம் இங்கு என்ன செய்தது? கடும் நோவு மொழியையே அழித்துவிடுகிறது என்று எலேன் ஸ்கரி 1985இல் வெளியான தமது நூலில் வாதிட்டார். சித்திரவதைக்கு அது பொருந்தலாம். நாட்பட்ட நோவுக்குப் பொருந்தாது. அது மொழியைப் பெருக்குகிறது, பெருகிய மொழியைக் கேட்க ஆளில்லை என்பதே உண்மை. எமது படைப்பாளிகளும் இக்குறைக்குப் புறம்பானவரல்லர். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தொட்டு இன்றுவரை தோட்ட வாழ்வின் துயரம் எழுதப்பட்டே வந்துள்ளது. அத்துயரம் சுரண்டலின் குறியீடாக, வரலாற்றின் சாட்சியாக நிற்கிறது. அதன் அரசியல் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இடது முழங்கால் எங்கே? தோள்பட்டையில் ஊரும் எறும்பு எங்கே? சூசன் சொன்ராக் 1978இல் நோயை உருவகமாக்குவதைக் கண்டித்தார். நாமோ நோவைக் குறியீடாக்கிய வேகத்தில் நோவுடைய உறுப்பை மறந்தோம். மருந்தகம் எண்ணாகச் சுருக்கியதை நாம் கொடியாக உயர்த்தினோம். இரண்டிலும் அத்தையின் சொற்கள் விடுபட்டன.

கொல்லிமலையிற் பிறந்து வேலூரிற் பணியாற்றிய அறுவை வைத்தியர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தேய்ந்தழிவது நோவுணர்வு இழந்தமையால் என்று காட்டியவர். பின்னர் அமெரிக்காவில், அழுத்தம் மிகும்போது எச்சரிக்கும் கையுறை செய்து செயற்கை நோவு உண்டாக்க முயன்றார். அணிந்தோர் வேலைக்கு இடைஞ்சலானபோது அவ்வெச்சரிக்கையை நிறுத்திவிட்டனர், முயற்சி கைவிடப்பட்டது. அக்கதையை அத்தைக்குச் சொன்னேன். “நிப்பாட்ட முடிஞ்சிருக்கே அவுகளுக்கு” என்றார்.

இன்றைய சிகிச்சை முறை அளவான அசைவு, வேலையைச் சிறுகூறுகளாக்கி இடையிடையே ஓய்தல், நோவைப் பற்றிய அச்சம் தெளிதல் எனப் பரிந்துரைக்கிறது. மாத்திரையைவிட இது நெடுநாட் பயன் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேலையைக் கூறுபோடும் உரிமை நோவுடையவரிடம் இருக்க வேண்டும். தேயிலை மலையில் அது தராசிடம் இருக்கிறது. அன்று மருந்துத் துண்டின் பின்புறத்தில் அத்தையின் சொற்களைக் குறித்துக்கொண்டேன்: ஒளைச்சல், கொடைச்சல், வெடுக்வெடுக்கு, ஊர்றது, பதினொன்று வரை வந்தன. இவற்றை எத்தொகுதியில் இடுவது, எது எதனினும் கடியது என்பதை அவரிடமே கேட்டு வரிசைப்படுத்தத் தொடங்கியுள்ளோம். மெல்சாக்கின் வரிசையைத் தரம் பிரித்தோருள் வைத்தியரும் நோயாளரும் பல்கலைக்கழக மாணவரும் இருந்தனர். மூன்றாவதற்கு நாம் இருக்கிறோம்.