முழங்கைப் பட்டை: வலி குறையும், வலு கூடுமா?

சச்சினுக்கு 2004இல் வந்த பிறகுதான் நம் ஊரில் பலருக்கும் 'டென்னிஸ் எல்போ' என்ற பெயரே தெரிந்தது. மீஞ்சூரிலிருந்து வல்லூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி என்று ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு டென்னிஸ் மட்டை தேவையில்லை. நாள் முழுக்க ஸ்பேனர் திருகும் கைக்கும், ஈரத்துணி பிழியும் கைக்கும் அதே வலி வரும்.

மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள், முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் போய் ஒட்டுகின்றன. எதையாவது இறுகப் பிடித்தால் மணிக்கட்டு மடங்காமல் காப்பவை அவைதான். வேலை விரல்களுக்கு, வலி முழங்கைக்கு என்று ஆவது இதனால்தான்.

இந்த வலிக்கென விற்கும் மூன்றையும் வலிக்கும் என் வலது கையில் மாட்டிப் பார்த்தேன்: பட்டை, முழங்கை உறை, மணிக்கட்டு ஸ்ப்ளின்ட். சோதனைக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போதும். உள்ளங்கை தரையைப் பார்க்க, முழங்கையை மடக்காமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்க வேண்டும். வெறுங்கையில் சுரீர் என்றது. பட்டையோடு தூக்கியபோது லேசான இழுப்பு மட்டுமே.

ஆனால் பட்டையை எலும்பின் மேலேயே கட்டினால் பயனில்லை. வலிக்கும் முனையிலிருந்து இரண்டு விரற்கடை கீழே, தசை புடைக்கும் இடத்தில் பட்டையின் திண்டு உட்கார வேண்டும். விரல் மரத்துப்போனால் உடனே தளர்த்துங்கள்.

உறையும் ஏறக்குறைய அதே ஆறுதலைத் தந்தது. ஆனால் நியோப்ரீன் துணி நம் கடற்கரைப் புழுக்கத்துக்கு ஆகாது; மதியத்துக்குள் வியர்த்து அரிக்கிறது. ஸ்ப்ளின்ட் ஓய்வுக்குச் சரி. உள்ளே இருக்கும் தகடு உள்ளங்கையில் முட்டுவதால், அதை மாட்டிக்கொண்டு ஸ்பேனர் பிடிக்க முடியாது.

வலு? 52 நோயாளிகளிடம் சோதித்து 2009இல் வெளியான ஆய்வில், பட்டையும் உறையும் போட்டவுடன் வலியில்லாமல் பிடிக்கும் அழுத்தம் கூடியது. முழு மூச்சாகப் பிடிக்கும் அழுத்தம் கூடவில்லை. பட்டை புதிதாக வலு எதையும் சேர்ப்பதில்லை. வலிக்குப் பயந்து நாம் அடக்கி வைத்திருந்த வலுவைத்தான் திருப்பித் தருகிறது. பட்டையையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டு நெதர்லாந்தில் 180 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் வந்தது. ஆறு வாரத்தில் வலியைக் குறைத்ததில் பிசியோதெரபி முந்தியது. அன்றாட வேலைக்குப் பட்டை உதவியது. ஓராண்டில் இரண்டும் ஒன்றுதான். பட்டையை மட்டும் நம்பி ஓவர்டைம் பார்ப்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. வலி தெரியாத கையில் சுமை கூடிவிடும்.

என் தீர்ப்பு: சில நூறு ரூபாய்க்குப் பட்டையை வாங்கலாம். வேலை நேரத்தில் மட்டும் கட்டுங்கள், தூங்கும்போது கழற்றுங்கள். கூடவே மணிக்கட்டை வலுவாக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். விரல் மரத்துப்போனாலோ, மணிக்கட்டைத் தூக்கவே முடியாவிட்டாலோ பட்டையோடு காலம் கடத்த வேண்டாம். கைக்கென்றே தனித்துறை உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை ராயபுரம் பக்கத்திலேயே இருக்கிறது.