சுமப்பவளின் மனம்

முதுமையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முதியோரின் துயரையே எழுதுகின்றனர். அவர்களைப் பேணுவோரின் மனம் படும் பாட்டைக் கதைப்பொருளாக்கியோர் சிலரே. அச்சிலருள் ஜப்பானிய எழுத்தாளர் சவாகோ அரியோஷி குறிப்பிடத்தக்கவர். 1972இல் வெளிவந்த அவருடைய 'கோகொத்சு நோ ஹிதோ' என்னும் நாவல் பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது, 1973இல் திரைப்படமாயிற்று, 1984இல் ஆங்கிலத்திலும் வந்தது. 'பரவசத்தில் இருப்பவர்' என்பது தலைப்பின் பொருள். நாவலுக்குப் பின் 'கோகொத்சு' என்ற சொல்லே அந்நாட்டில் முதுமையின் அறிவு மயக்கத்தைக் குறிக்கலாயிற்று.

கதை எளியது. அகிகோ, வேலைக்குச் செல்லும் குடும்பத்தலைவி. மாமியார் திடீரென இறந்தபின், மாமனார் ஷிகெஸோவின் அறிவு மங்கியிருப்பது தெரியவருகிறது. பெற்ற மகனையே அவர் அறியார். முன்பெல்லாம் ஓயாது கடிந்துகொண்ட மருமகளையும், பேரனையும் மட்டுமே அறிவார். இரவில் எழுப்புகிறார், சொல்லாமல் வெளியேறி அலைகிறார்.

அகிகோவைத் தியாகத்தின் திருவுருவாக்கிவிடாததே ஆசிரியையின் திறம். அவள் களைக்கிறாள், சினக்கிறாள், வேலையை விட மனமின்றித் தவிக்கிறாள். இவை தீய மனத்தின் அடையாளங்கள் அல்ல, உறக்கமிழந்த மனத்தின் இயல்புகள் என்பதை நாம் உணர்கிறோம். 1980இல் ஸ்டீவன் ஸாரிட் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், பேணுவோரின் சுமையை அளக்க ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டனர். பின்னர் 22 வினாக்களாகச் சுருங்கிய அதில் சினம், கூச்சம், இன்னும் செய்திருக்கலாமே என்னும் உறுத்தல் ஆகிய யாவும் இடம்பெற்றுள்ளன. நாவல் அவற்றை எட்டாண்டுகள் முன்னரே கண்டு சொல்லிவிட்டது.

எனினும், முடிவில் நாம் ஆசிரியையுடன் முழுதும் உடன்பட இயலவில்லை. குளியல் தொட்டியில் மூழ்கவிருந்த முதியவர் உயிர் தப்பியபின், இயன்றவரை அவரை வாழவைப்பதென அகிகோ உறுதி பூணுகிறாள். குற்றவுணர்வில் பிறந்த அவ்வுறுதி, அவளுக்கு அமைதியாகவும் காட்டப்படுகிறது. கணவனோ, தந்தையிடம் தன் வருங்காலத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்குகிறான். அவனைச் சாடும் நாவல், சுமையில் பங்கேற்க அவனை அழைக்கவில்லை. ஒருத்தியின் மனத்திட்பமே தீர்வாகிவிடுகிறது.

அது தீர்வன்று என்பதை ஜப்பானே பின்னர் ஏற்றது. 1997இல் சட்டமியற்றி, 2000இல் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டை நடைமுறைப்படுத்தியது. 40 வயதுக்கு மேற்பட்டோர் அதற்குச் சந்தா செலுத்துகின்றனர்.

நம் இல்லங்களிலும் படுக்கையில் கிடக்கும் பெரியவரை நலம் விசாரிக்க வருவோர், அடுக்களையில் நிற்கும் மருமகளைப் 'பொறுமைசாலி' என்று பாராட்டிவிட்டுப் போகின்றனர். அப்பாராட்டு அவளை வாய் திறக்க விடாமலும் செய்துவிடும். அவள் உறங்கினாளா என்று கேட்பதும், ஓரிரவேனும் அவளுக்குப் பதிலாக விழித்திருப்பதும் மகன்களின் கடமை. இந்நாவலை மகன்களும் படிக்கவேண்டும் என்போம்.