காய்ச்சல் நூலும் தமிழர் குரலும்

மலாயாத் தோட்டங்களில் மலேரியா தமிழரைக் கொன்று குவித்த காலத்தின் தலையாய ஆவணம், மருத்துவர் மால்கம் வாட்சன் 1911இல் வெளியிட்ட மலேரியாத் தடுப்பு நூலாகும். 1901இல் கிள்ளானில் பணியேற்றவர் அவர். பாகான் டத்தோ போன்ற கடலோரத் தாழ்நிலத்தில் காட்டை வெட்டி வடிகால் தோண்டினால், நிழல்நீரில் வளரும் கொசு அழியும். மலைச்சாரலிலோ காட்டை வெட்டினால், வெயில் பட்ட ஓடைநீரில் வேறொரு கொசு பெருகும். நிலத்துக்கேற்ற தடுப்பு வேண்டும் என்று காட்டியதே அவர்தம் பணியின் சிறப்பு.

குறையும் உண்டு. தோட்டக் குழந்தைகளின் மண்ணீரல் வீக்கத்தைக் கொண்டு நூல் காய்ச்சலை அளக்கிறது. அளவை சரியே, ஆயினும் குழந்தை எண்ணாகிறது, பெற்றோர் சொல்லைக் கேட்பது அரிதாகிறது.

பிறிதொரு கொள்ளைநோய் வரலாறு இக்குறையை விளக்கும். 1793இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மஞ்சட்காய்ச்சல் ஏறத்தாழ 5,000 பேரைக் கொன்றது. நோயாளரைப் பேணிய கறுப்பின மக்களுட் சிலர்மீது மாத்யூ கேரி தம் நூலில் பழி கூறினார். அம்மக்களின் தலைவர்களான அப்சலோம் ஜோன்சும் ரிச்சர்டு ஆலனும் 1794இலேயே மறுப்பு நூல் வெளியிட்டனர். அங்கே இரு தரப்பும் அச்சில் உள்ளன.

இங்கோ தமிழர் தரப்பு பெரும்பாலும் ஒப்பாரியிலும் முதியோர் நினைவிலுமே தங்கிற்று. தோட்டக் குடியிருப்புகள் கலைந்துவரும் இந்நாளில், அவற்றைத் தொகுத்து வாட்சன் நூலருகே வைத்தல் தமிழாசிரியர் கடனாம்.