வை. மு. கோதைநாயகி: சொல்லி எழுதுவித்த நடையும் மொழிபெயர்ப்பும்

தமிழ் இலக்கிய வரலாறுகள் வை. மு. கோதைநாயகி அம்மாளை (1901–1960) நாவலாசிரியர் என்று சுட்டி அமைகின்றன. அவர் படைத்த நாவல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை ஆதலின் இஃது இயல்பே. எனினும் அவர்தம் முதற்படைப்பு நாவலன்று. ‘இந்திர மோகனா’ என்னும் நாடகம் (1924). அதனை அவர் தம் கையால் எழுதவில்லை. சிறுவயதில் மணமாகிப் பள்ளிக் கல்வி பெறாத அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். இதனை வாழ்க்கைக் குறிப்பாகக் கருதிக் கடந்துவிடுவர். இது நடையியல் பற்றிய செய்தியுமாகும்.

அவர்தம் படைப்பிற்கு முதற்கருவி ஏடன்று, குரல். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்ட காலத்தும் அக்குரல் ஒடுங்கவில்லை. பாத்திரங்கள் நெடிது பேசுகின்றன, விளிக்கின்றன, வினவித் தாமே விடை கூறுகின்றன. அறவுரை வருமிடத்துப் பாத்திரம் எதிரில் இருப்பாரை விடுத்து அவையோரை நோக்கிப் பேசுவதாகவே தோன்றும்.

அவ்வவை கற்பனையன்று. அவர் காங்கிரஸ் மேடைகளில் பேசியவர். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறியலிலும் ஈடுபட்டு, 1932இல் சிறை சென்றவர். சிறையிலும் கதை புனைந்தவர். தேர்தல் பதவியால் அறியப்பட்டவர் அல்லர். மேடையும் மறியலுமே அவர்தம் அரசியல். ‘பிரசார நெடி’ என்று திறனாய்வாளர் கூறும் குறையில் உண்மை உண்டு. சில நாவல்களில் அது வாசகரைக் களைப்புறச் செய்வதும் உண்டு. ஆனால் அந்நெடி நாவலுக்குப் புறத்தேயிருந்து வந்ததன்று. நாடகமும் மேடைப்பேச்சும் அவருக்கு ஒரே வாய்மொழிக் கலையின் இரு கிளைகள்.

மொழிபெயர்ப்பில் இது நேரடிச் சிக்கலாகிறது. வைணவ இல்லப் பேச்சும் வடசொல் மிக்க மேடைத்தமிழும் அடுத்தடுத்து வருவனவற்றை ஒரே பொதுநடையாக்கினால், பாத்திரம் இல்லத்திலிருந்து அவைக்கு மாறும் இடம் மறைந்துவிடும். கூறியது கூறலை மிகையெனக் களைந்தாலும் இதே இழப்பு நேரும்.

வாஷி, செம்பூர், மாட்டுங்கா போன்ற பகுதிகளில் மராத்தியரோடு கலந்து வாழும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கு ஒரு வாய்ப்புண்டு. காடில்கரின் ‘பாயகாஞ்சே பண்ட்’ நாடகத்திற்கு மறுப்பாகக் கிரிஜாபாய் கேள்கர் ‘புருஷாஞ்சே பண்ட்’ (1912) எழுதினார். பெண் அரங்கில் நின்று வாதிடும் மொழி மராத்தியில் முன்னரே உருவாகியிருந்தது என்பதற்கு இது சான்று. கோதைநாயகியின் உரையாடலை மராத்தியில் பெயர்ப்போர் அந்நாடக மொழியை நாடலாம். மராத்தி நாவல்நடை அதற்கு ஈடாகாது. நாவல்களைத் தொடுமுன் ‘இந்திர மோகனா’வை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது, ஆங்கிலத்தில் பெயர்ப்போர்க்கும் பயன்தரும் பயிற்சி.