கட்டணமும் சலுகையும்: திறந்த அணுகல் வெளியீடும் மலைத்தமிழர் ஆய்வும்

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள ஊர் சூரியநெல்லி. போடிமெட்டு வழியாகத் தேனி மாவட்டத்தோடு நெருங்கிய தொடர்புடையது. இங்குள்ள தோட்டத் தொழிலாளருள் தலைமுறைகளாகத் தமிழ் பேசுவோர் மிகுதி. இத்தகையோரின் வாழ்வும் வழக்காறும் ஆய்வுப்பொருளாகும்போது, அவ்வாய்வினை அவர்தம் பிள்ளைகள் படித்தறிய இயலுமா என்னும் வினா எழுகின்றது. ஆய்வு வெளியீட்டின் கட்டணமுறை இவ்வினாவோடு கொண்டுள்ள தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வுரைகள் எவர்க்கும் விலையின்றிக் கிடைத்தல் வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டுப் புடாபெஸ்ட் அறிக்கையும் 2003ஆம் ஆண்டுப் பெர்லின் அறிக்கையும் வலியுறுத்திய கருத்தாகும். ஆயின் செலவு மறையவில்லை. பல இதழ்களில் அது படிப்பவரிடமிருந்து எழுதுபவருக்கு மாற்றப்பட்டது. 'நேச்சர்' இதழ் 2020இல் அறிவித்த கட்டுரைக் கட்டணம் 9,500 யூரோ. பல்கலைக்கழக மானியக்குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் திங்களுக்கு 37,000 ரூபாய். அவ்வுதவித்தொகையை ஏறத்தாழ ஈராண்டுக் காலம் சேர்த்தாலன்றி அக்கட்டணத்தைச் செலுத்தவியலாது. தமிழாய்வாளர் எவரும் அவ்விதழுக்கு எழுதப்போவதில்லை என்பது உண்மையே. எனினும் மானிடவியல், சமூகவியல் இதழ்களிலும் ஈராயிரம் டாலரைக் கடந்த கட்டணங்கள் அரியன அல்ல.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது சலுகை. அச்சலுகையின் அளவுகோல் பெரும்பாலும் நாட்டின் வருவாயே ஆகும். வளரும் நாடுகளுக்கு ஆய்விதழ்களை வழங்கும் 'ரிசர்ச் ஃபார் லைஃப்' திட்டத்தின் பட்டியலில் இந்தியா இல்லை. அப்பட்டியலைப் பின்பற்றும் பதிப்பகங்களின் கட்டணவிலக்கும் இந்தியருக்கு இல்லை. பெருநிதி பெறும் அறிவியல் நிறுவனமும், ஊர்ப்புறக் கல்லூரியின் தமிழ்த்துறையும் ஒரே நாட்டில் இருப்பதால் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. துறை, மொழி, நிறுவனத்தின் வசதி ஆகியன கருதப்படாத சலுகை முறையான சலுகையாகாது.

நடுவண் அரசு 2024 நவம்பரில் இசைவளித்த 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டம் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை மைய, மாநில அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டுள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் இது நிறுவனத்தாருக்கான வாயில். தோட்டக் குடியிருப்பில் இருந்து படிப்பவர் இத்திட்டத்தின் வாசகர் அல்லர்.

இந்நிலையில் ஜெயசீலன் ராஜ் எழுதிய 'பிளாண்டேஷன் கிரைசிஸ்' என்னும் நூல் தனித்து நோக்கத்தக்கது. இடுக்கி மாவட்டத்துப் பீருமேட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வீழ்ச்சியையும் அங்குள்ள தமிழ்த் தலித் தொழிலாளரின் வாழ்க்கைச் சிதைவையும் ஆராயும் இந்நூலை, தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த மானிடவியலாளரே எழுதியுள்ளார். 2022இல் யு.சி.எல். பிரஸ் இதனை வெளியிட்டது. அப்பதிப்பகம் 2015இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிய முழுத் திறந்த அணுகல் பதிப்பகமாகும். நூலை எவரும் பணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். தோட்டத்து மக்களைப் பற்றிய நூல் விலையின் பொருட்டு அவர்களுக்கு மறுக்கப்படவில்லை என்பதே பெரும்பேறு. ஆயினும் நூல் ஆங்கிலத்தில் உள்ளது. மூணாற்றில் 2015 செப்டம்பரில் போனசும் கூலியுயர்வும் வேண்டி எழுந்த பெண் தொழிலாளர் போராட்டமாகிய 'பெம்பிளை ஒருமை' பற்றிய ஆய்வுரைகளுக்கும் இக்கூற்று பொருந்தும். வெளியீட்டுச் செலவைக் கணக்கிடுவோர் மொழிபெயர்ப்புச் செலவை அதில் சேர்ப்பதில்லை. திறந்த அணுகல் என்னும் கொள்கையின் பெருங்குறை இதுவே எனலாம்.

அவ்வாறாயின் தமிழிலேயே எழுதலாமே எனின், அங்கும் கட்டணம் உண்டு. பல தமிழாய்விதழ்கள் கட்டுரையாளரிடம் பதிப்புத்தொகையாகவோ கட்டாயச் சந்தாவாகவோ பணம் பெறுகின்றன. சில நூறு ரூபாய் முதல் சில ஆயிரம் ரூபாய் வரை அமையும் இத்தொகை, தொகுப்பூதியம் பெறும் கௌரவ விரிவுரையாளருக்குச் சிறிதன்று. மானியக்குழு 2019இல் வெளியிட்ட 'கேர்' பட்டியல் இந்நிலையை வளர்த்தது. போலி இதழ்களை விலக்கும் நோக்கம் நன்றே. ஆனால் பணியுயர்வுக்குப் பட்டியல் இதழே வேண்டும் என்றானபின், பட்டியலில் இடம்பெற்ற சிலவற்றில் பக்கங்கள் பெருகின. கட்டுரைகளின் தரம் பெருகவில்லை. 2025 பிப்ரவரியில் பட்டியல் கைவிடப்பட்டது. பணம் பெறும் பழக்கம் அதனோடு நீங்கிவிடவில்லை.

செலவைப் பொதுவில் ஏற்றல் தமிழுக்குப் புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது முன்பணம் தந்து கையொப்பமிட்டோரின் துணை இருந்தது. பாரதி படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதன்பின் நாட்டுடைமையாக்கப்பட்டோர் வரிசையில் மயிலை சீனி. வேங்கடசாமி, தேவநேயப் பாவாணர் முதலிய ஆய்வறிஞரும் உளர். அரசு ஒருமுறை பரிவுத்தொகை அளிக்க, நூல் அனைவர்க்கும் உரியதாகின்றது. இதனை மேலைநாட்டார் கட்டணமில்லாத் திறந்த வெளியீடு என்று பேசத் தொடங்குவதற்கு நெடுநாள் முன்னரே தமிழ்நாடு செய்துகாட்டியது. ஆனால் இம்முறை மறைந்தோரின் நூல்களையே பெரிதும் தழுவியது. வாழும் ஆய்வாளரின் கட்டுரைக்கு நீளவில்லை.

நீள்வதில் பெருந்தடை பணமன்று. துறை இதழ் ஒன்றை மின்வடிவில் வெளியிட அச்சுக்கூலியும் அஞ்சற்செலவும் வேண்டா. மதிப்பீட்டாளர் உழைப்பு இன்றும் ஊதியமற்றதே. எழுத்துருவும் கருதத்தக்கது. பழைய எழுத்துருக்களில் அச்சேறிய ஆய்வேடுகள் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் திறந்தே கிடப்பினும் சொல் தேடலுக்கு அகப்படுவதில்லை. சூரியநெல்லியில் களப்பணி செய்பவர் தாம் தொகுத்த வழக்குச்சொற்களை ஒருங்குறியில் தட்டெழுதி, கட்டணம் பெறாத துறை இதழில் வெளியிட்டால், சொல் தந்த தகவலாளியின் மகள் தன் கைப்பேசியிலேயே அவற்றைத் தேடிப் படிக்கவும், பிழை காணின் திருத்தி எழுதவும் கூடும்.